தாளுக்கு உரிய மரம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள ஊர் இலுப்பூர். இலுப்பை மரத்தைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் அது. இலுப்பையின் வித்து விளக்குக்கு எண்ணெய் தந்தது. பூ இனிப்புத் தந்தது. அடிமரம் வீட்டுக்கும் வண்டிக்கும் உதவிற்று. ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூச் சர்க்கரை’ என்னும் பழமொழியைத் தமிழர் பலரும் அறிவர். கரும்பு விளையாத வறண்ட ஊர்களில் இலுப்பைக்கு இருந்த மதிப்பை அப்பழமொழி காட்டுகிறது. முற்கால மக்கள் ஒரு மரத்தின் தகுதியை அதன் பூவாலும் காயாலும், நிழலாலும் வலிமையாலும் அறிந்தனர்.

இன்று அவ்வூரைச் சூழ்ந்த வட்டாரத்தின் செம்மண் மேடுகளில் வேறு மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தைலமரம் என்று மக்கள் வழங்கும் யூகலிப்டஸ் அவற்றுள் முதன்மையானது, சவுக்கும் உண்டு. இம்மரங்களின் பூவையோ காயையோ எவரும் நாடுவதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் வளர்ந்ததும் இவை வெட்டப்பட்டு, பட்டை உரிக்கப்பட்டு, லாரிகளில் ஏறிக் காகித ஆலைகளுக்குச் செல்கின்றன. பள்ளிச் சிறுவன் கையிலுள்ள நூலின் தாளில் இத்தகைய மரம் ஒன்றின் நார்கள் கலந்திருக்கக்கூடும்.

எல்லா மரங்களும் தாளுக்கு ஏற்றவை அல்ல. ஒரே தோப்பில் அடுத்தடுத்து நிற்கும் இரு மரங்களுள் ஒன்று ஏற்றதாகவும், மற்றொன்று அத்துணை ஏற்றதல்லாததாகவும் இருப்பதுண்டு. கண்ணால் நோக்கி இவ்வேறுபாட்டை அறிய இயலாது. மரத்தைப் பொடியாக்கி, அதில் அடங்கிய பொருள்கள் யாவை, ஒவ்வொன்றும் எத்துணை அளவின என்று பகுத்து அறிதல் வேண்டும். இதுவே மரத்தின் இரசாயனப் பகுப்பாய்வு எனப்படும்.

காகிதம் சீன நாட்டில் தோன்றியது. கி.பி. 105-ஆம் ஆண்டில் சாய் லுன் என்னும் அரசவை அலுவலர் மரப்பட்டை, சணல், கந்தல் துணி முதலியவற்றைக் கொண்டு தாள் செய்யும் முறையைத் திருத்தமுறச் செய்தார் என்பது வரலாறு. பனையோலையில் எழுதி வந்த தமிழகத்திற்கு அத்தாள் மெல்ல வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் கந்தல் துணியே காகிதத்தின் மூலப்பொருளாக விளங்கிற்று. கல்வி பரவியது, செய்தித்தாள்கள் பெருகின, கந்தல் போதவில்லை. அதன் பின்னரே மனிதன் மரத்தை நாடினான்.

இந்தியாவில் காகித ஆலைகள் நெடுங்காலம் மூங்கிலையே பெரிதும் நம்பியிருந்தன. 1906-ஆம் ஆண்டில் டேராடூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம் மூங்கிற்கூழைப் பற்றிப் பல ஆராய்ச்சிகளை நடத்தியது. நாளடைவில் மூங்கிற் காடுகளும் குறைந்தன. ஆகவே, ஆலைகள் மூங்கிலோடு மரத்தையும் மிகுதியாகப் பயன்படுத்தத் தொடங்கின. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மரத்திற்கு இயற்கைக் காட்டை நம்பியிராமல், உழவரோடு இணைந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியது. காடு செய்த வேலையை வயல் செய்யும் காலம் அவ்வாறு வந்தது.

தமிழ்நாட்டில் ஈரோட்டை அடுத்த பள்ளிபாளையத்தில் 1960-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற காகித ஆலை ஒன்று உண்டு. 1979-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு நிறுவிய செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை கரூரை அடுத்த காகிதபுரத்தில் அமைந்துள்ளது. கரும்பு பிழிந்த சக்கையைக் கொண்டு தாள் செய்வது அவ்வாலையின் தனிச் சிறப்பு. சக்கையின் நாரோடு மரத்தின் நாரும் அங்குத் தேவைப்படுகிறது. அந்நிறுவனத்தின் இரண்டாம் ஆலை, இலுப்பூருக்குத் தொலைவில் இல்லாத மணப்பாறையை அடுத்த மொண்டிப்பட்டியில் 2016-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இத்தகைய ஆலைகளுக்கு மரம் தருவனவற்றுள், 1974-ஆம் ஆண்டில் அமைந்த தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்தின் தைலமரத் தோட்டங்களும் உழவர்களின் சொந்த நிலங்களும் அடங்கும்.

ஆலைக்குச் செல்லும் இம்மரங்கள் ‘வன்மரம்’ என்னும் வகையைச் சார்ந்தவை. இச்சொல்லைக் கேட்டதும், கோடரிக்கு எளிதில் இடங்கொடாத மரம் என்று எண்ணத் தோன்றும். தாவர நூலார் அப்பொருளில் இச்சொல்லை வழங்குவதில்லை. பூத்துக் காய்த்து, கனிக்குள் விதையை மறைத்து வைக்கும் அகன்ற இலை மரங்களே வன்மரங்கள். பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரங்கள். இவ்விலக்கணப்படி, நகத்தால் கீறினாலும் தழும்பு ஏற்கும் முருங்கையும் இலவமும் வன்மரங்களே. ஊசி போன்ற கிளைகளைக் கொண்டு பைன் மரத்தைப் போலத் தோன்றும் சவுக்கும் வன்மரமே. தோற்றம் மயக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மென்மரத்தின் நார் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுடையது. தைலமரத்தின் நாரோ ஒரு மில்லிமீட்டர் நீளத்திற்கும் குறைந்தது. நீண்ட நார் தாளுக்கு வலிமை தரும். குறுகிய நார் தாளுக்கு மென்மையும், எழுத்து மறுபுறம் தெரியாத தன்மையும் தரும். ஆதலின், எழுதுவதற்கும் அச்சிடுவதற்கும் உரிய தாளில் வன்மர நார் பெரிதும் விரும்பப்படுகிறது.

இனி, மரத்தின் உள்ளே இருப்பவற்றைக் காண்போர்க்குத் தென்னை மட்டை ஒரு நல்ல வழிகாட்டி. கயிறு திரிப்போர் மட்டையை நீரில் பல நாள் ஊறவைக்கின்றனர். பின்பு அடித்து, நாரைப் பற்றியிருந்த சோற்றை உதிர்த்து, நாரை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். மரத்திலும் நாரும் உண்டு. நாரைப் பற்றி நிற்கும் பொருளும் உண்டு. ஆனால் அப்பற்று மிக இறுகியது. நீரில் ஊறவைத்தால் மட்டும் அது விட்டுவிடாது.

மரத்தில் உள்ள நாரின் உயிர்ப்பொருள் செல்லுலோஸ். பிரெஞ்சு அறிஞர் ஆன்செல்ம் பாயென் என்பார் 1838-ஆம் ஆண்டில் இதனைப் பிரித்துக் காட்டினார். சர்க்கரையின் ஓர் இனமாகிய குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலி போலத் தொடர்ந்து அமைந்ததே செல்லுலோஸ். வெண்மையும் வலிமையும் உடைய இப்பொருளே தாளாக மாறுகிறது. பஞ்சு ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ் ஆகும். உலர்ந்த வன்மரத்தில் அது பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

செல்லுலோஸோடு ஒட்டி வாழும் மற்றொரு பொருள் ஹெமிசெல்லுலோஸ். இதன் சங்கிலிகள் குட்டையானவை, கிளைகள் உடையவை. வன்மரத்தில் இது நான்கில் ஒரு பங்கு அளவில் காணப்படும். கூழ் காய்ச்சும்போது இதன் ஒரு பகுதி கரைந்துபோகும். எஞ்சி நிற்கும் பகுதி, நார்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளத் துணைசெய்யும்.

மூன்றாவது பொருள் லிக்னின். மரம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. கட்டடத்தில் செங்கற்களைச் சுண்ணச் சாந்து பிணைப்பது போல, மரத்தில் நார்களை லிக்னின் பிணைக்கிறது. காற்றிலும் மழையிலும் மரம் ஒடியாமல் நிமிர்ந்து நிற்பது இதனால். ஆனால், மரத்திற்கு நன்மை செய்யும் இப்பொருள் தாளுக்குப் பகையாகிறது. லிக்னின் தங்கிய தாள் வெயிலில் கிடந்தால் விரைவில் மஞ்சளிக்கும், நாளடைவில் நொறுங்கும். பழைய செய்தித்தாள் மஞ்சள் நிறம் அடைவதன் காரணம் இதுவே. தைலமரத்தில் லிக்னின் பொதுவாக நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை இருக்கும்.

இம்மூன்றும் அன்றிப் பிசின், மெழுகு, சாயம் போன்ற சிறுபொருள்களும், எரித்தால் சாம்பலாக எஞ்சும் உப்புகளும் மரத்தில் உள்ளன. இவை அளவிற் சிறியவை, தொல்லையிற் பெரியவை. பிசின் மிகுந்தால் கூழில் பிசுக்குத் திரண்டு, தாளில் புள்ளியாக விழும். வைக்கோலில் மணற்சத்து மிகுதி; மூங்கிலிலும் ஓரளவு உண்டு. அது ஆலையின் கொதிகலங்களில் படிந்து இடர் விளைக்கும். வன்மரத்தில் சாம்பல் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவு. வன்மரத்தை ஆலைகள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்பொருள்களை அளந்தறியும் முறை பொறுமையும் தூய்மையும் வேண்டுவது. முதலில் தோப்பின் பல இடங்களிலிருந்து மரங்களைத் தெரிந்தெடுப்பர். ஒரு மரத்தின் அடியும் நடுவும் நுனியும் ஒரே தன்மையுடையன அல்ல. ஆகவே, வெவ்வேறு உயரங்களில் வட்டத் துண்டுகளை அறுத்தெடுப்பர். பட்டையை நீக்கி, மரத்தைச் சில்லுகளாக்கி, பின் பொடியாக அரைத்துச் சலிப்பர். மிக நுண்ணிய தூளையும் பருத்த துகளையும் விலக்கி, இடைப்பட்ட பொடியை மட்டுமே சோதனைக்குக் கொள்வர்.

அடுத்து ஈரத்தை அறிவர். பொடியை நிறுத்து, 105 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எடை மாறாத நிலை வரும் வரையில் உலர்த்தி, மீண்டும் நிறுப்பர். குறைந்த எடையே நீரின் எடை. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீராகவே இருப்பதுண்டு. நிறுவைக் கணக்கில் மரம் விற்பவரும் வாங்குபவரும் நீருக்கு விலை பேசுகின்றனரா, நாருக்கு விலை பேசுகின்றனரா என்பதை இந்த எளிய சோதனை தெளிவாக்கும்.

பின்னர், சாராயச் சத்து முதலிய கரைப்பான்களைக் கொண்டு பிசினையும் மெழுகையும் கரைத்து எடுப்பர். அவ்வாறு தூய்மை பெற்ற பொடியின் ஒரு பகுதியை, நூற்றுக்கு 72 பங்கு வலிமையுள்ள கந்தக அமிலத்தில் இடுவர். இரண்டு மணி நேரம் கழித்து, நீர் சேர்த்து வலிமையைக் குறைத்து, நான்கு மணி நேரம் கொதிக்க வைப்பர். செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் சர்க்கரையாகச் சிதைந்து நீரோடு கலந்துவிடும். லிக்னின் மட்டும் கரையாமல் பழுப்பு நிறப் பொடியாக அடியில் நிற்கும். அதை வடித்து, கழுவி, உலர்த்தி நிறுத்தால் லிக்னின் அளவு தெரியும். சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் பீட்டர் கிளாசன் பெயரால் இம்முறை வழங்குகிறது.

மற்றொரு பகுதியில் இதற்கு மாறான வேலை நடைபெறும். சோடியம் குளோரைட்டு என்னும் உப்பும் அசெட்டிக் அமிலமும் சேர்ந்து லிக்னினை நீக்கிவிடும். செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் வெள்ளை நாராக எஞ்சும். அந்நாரை நூற்றுக்கு 17.5 பங்கு வலிமையுள்ள எரிசோடா நீரில் இட்டால், ஹெமிசெல்லுலோஸ் கரைந்து, உறுதியான செல்லுலோஸ் மட்டும் நிற்கும். நூற்றுக்கு ஒரு பங்கு வலிமையே உள்ள சூடான எரிசோடா நீரில் மரப்பொடி எவ்வளவு கரைகிறது என்றும் பார்ப்பர். மரம் உளுத்தும் மக்கியும் போயிருந்தால் இக்கரைவு மிகும். வெட்டிய மரம் மழையில் நெடுநாள் கிடந்ததா என்பதைக் கூட இச்சோதனை காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு நுணுக்கமாக அளப்பதன் பயன் யாது? ஆலையில் மரச்சில்லுகளைப் பெரிய எஃகுக் கலங்களில் இட்டு, எரிசோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில், சுமார் 160 முதல் 170 பாகை வெப்பத்தில் வேகவைக்கின்றனர். இது கிராப்ட் முறை எனப்படும். ஜெர்மானியரான கார்ல் டால் என்பவர் 1879-ஆம் ஆண்டு இதனைக் கண்டறிந்தார். லிக்னின் மிகுந்த மரத்திற்கு மருந்தும் மிகுதியாக வேண்டும். வெப்பமும் நேரமும் மிகுதியாக வேண்டும். வேண்டிய அளவுக்கு மேல் வேகவைத்தால் செல்லுலோஸே சிதையும். குறைவாக வேகவைத்தால் நார் பிரியாது. சோற்றுப் பானையை அடுப்பேற்றுவோர் அரிசி பழையதா புதியதா என்று அறிந்து உலை வைப்பது போல, ஆலையோரும் மரத்தின் இயல்பை அறிந்தே கலத்தை மூட்டவேண்டும்.

லிக்னினின் அளவோடு அதன் வகையும் அறியத்தக்கது. வன்மர லிக்னினில் சிரிஞ்சில், குவையாசில் என்னும் இருவகை அலகுகள் உள்ளன. சிரிஞ்சில் மிகுந்த லிக்னின் எரிசோடாவில் எளிதாகக் கரைந்துவிடும். ஆதலின், லிக்னின் அளவு ஒத்த இரு மரங்களுள்ளும் ஒன்று எளிதில் வேகும், மற்றொன்று அடம்பிடிக்கும்.

இவ்வேறுபாட்டின் விளைவை ஒரு சிறு கணக்கால் காணலாம். உலர்ந்த மரம் 100 டன்னிலிருந்து ஒரு வகை மரம் 48 டன் கூழும், மற்றொரு வகை 44 டன் கூழும் தருவதாகக் கொள்வோம். 100 டன் கூழ் செய்ய முதல் வகையில் 208 டன் மரம் போதும். இரண்டாம் வகையில் 227 டன் வேண்டும். வேறுபாடு 19 டன். அந்த 19 டன் மரம் நிற்பதற்கு நிலம் வேண்டும். அது வளர நீர் வேண்டும். அதை வெட்டவும் ஏற்றவும் ஆள் வேண்டும். சோதனைச் சாலையின் சிறு தராசில் தெரியும் நான்கு பங்கு வேறுபாடு, செம்மண் காட்டில் எத்தனையோ மரங்களின் வேறுபாடாக விரிகிறது.

உழவனுக்கு இதன் பயன் இன்னும் பெரிது. நெல் தவறினால் ஒரு போகம் போகும். மரம் தவறினால் ஐந்தாண்டு போகும். விதையால் எழுந்த மரங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஆகவே, விரைந்து வளர்வதும், செல்லுலோஸ் மிகுந்து லிக்னின் குறைந்ததுமான ஒரு நல்ல மரத்தைத் தேர்ந்து, அதன் தளிர்க் குச்சிகளை வேர்விடச் செய்து, தாயை ஒத்த கன்றுகளைப் பெருக்குகின்றனர். கோயம்புத்தூரில் 1988-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும், மேட்டுப்பாளையத்திலுள்ள வனக் கல்லூரியும் இத்துறையில் பாடுபட்டு வருகின்றன. சவுக்கு, தைலமரம் ஆகியவற்றோடு மலைவேம்பு, சூபாபுல் முதலிய மரங்களும் கூழுக்கு ஏற்றவையா என்று ஆராயப்பட்டுள்ளன. மரத்தை வீழ்த்தாமலே பென்சில் பருமனுள்ள துண்டு ஒன்றைத் துளைத்தெடுத்துச் சோதிக்கும் வழியும் இன்று உண்டு.

எனினும், சோதனைச் சாலையின் அளவுகோல் ஒன்றே போதும் என்று கருதலாகாது. புதுக்கோட்டைச் சீமை வற்றாத ஆறு இல்லாத சீமை. மழையையும் கண்மாயையும் நம்பி வாழ்வது. தைலமரத் தோட்டங்கள் பெருகியதால் நிலத்தடி நீர் இறங்கிற்று என்றும், தோட்டங்களில் எடுத்த வரப்புகள் மழைநீரைக் கண்மாய்க்குச் செல்லவொட்டாமல் தடுக்கின்றன என்றும் இம்மாவட்ட உழவர் நெடுங்காலமாகக் குறை கூறி வருகின்றனர். கந்தக அமிலம் லிக்னினை அளக்கும். கிணற்றின் நீர்மட்டத்தை அளக்காது. ஆலைக்கு நல்ல மரம் எது என்பது ஒரு கேள்வி. அந்நிலத்திற்கு நல்ல மரம் எது என்பது மற்றொரு கேள்வி. முதற்கேள்விக்கு எத்துணைப் பொறுமையோடு விடை தேடப்பட்டதோ, அத்துணைப் பொறுமையோடு இரண்டாம் கேள்விக்கும் அளந்து விடை காணுதல் வேண்டும். இரண்டு விடைகளும் ஒன்றுபடும் மரமே நடத்தகுந்த மரம்.

பகுப்பாய்வு கற்பிக்கும் மற்றொரு பாடமும் உண்டு. கூழ் காய்ச்சியபின் நாரை விட்டுப் பிரியும் கரிய நீரில் லிக்னின் கரைந்திருக்கும். அக்காலத்தில் அந்நீரைப் பல ஆலைகள் ஆற்றில் விட்டன. ஆறும் கெட்டது, பொருளும் வீணாயிற்று. லிக்னின் நன்கு எரியும் பொருள் என்பதை உணர்ந்தபின், அந்நீரைச் சுண்டக் காய்ச்சி, கொதிகலத்தில் எரித்து, நீராவியும் மின்சாரமும் பெறுகின்றனர். எரிந்தபின் எஞ்சும் உப்பிலிருந்து சோடாவை மீட்டு, மீண்டும் கூழ் காய்ச்சப் பயன்படுத்துகின்றனர். தாளுக்குப் பகையான பொருள் ஆலைக்கு விறகாயிற்று. பொருளின் இயல்பை அறிந்தோர்க்கு வீண் என்று தள்ளத்தக்கது மிகச் சிலவே.

எழுதிய தாளும் அவ்வாறே. அதிலுள்ள நாரை மீண்டும் கூழாக்கிப் புதிய தாள் செய்யலாம். ஒவ்வொரு முறையும் நார் சிறிது தேயுமாயினும், சில முறையேனும் அது பயன்படும். ஒரு பக்கம் மட்டும் எழுதிக் கசக்கி எறியப்படும் தாள், ஐந்தாண்டு மழையையும் ஓர் உழவனின் உழைப்பையும் பெற்று வந்தது. அதனை அறிந்த மாணவன் மறுபக்கத்தையும் எழுதாமல் விடான்.

இலுப்பையின் மதிப்பைப் பூவாலும் எண்ணெயாலும் அறிந்தனர் முன்னோர். இக்காலத்தார் தைலமரத்தின் மதிப்பைத் தராசாலும் அமிலத்தாலும் அறிகின்றனர். கருவிகள் மாறின, நடுமுன் அறியவேண்டும் என்னும் நெறி மாறவில்லை.

பயிற்சி

1. ‘வன்மரம்’ என்னும் சொல்லைத் தாவர நூலார் எப்பொருளில் வழங்குகின்றனர்? சவுக்கு எவ்வகையைச் சார்ந்தது?
2. செல்லுலோஸ், லிக்னின் ஆகியவற்றின் வேறுபாடுகளைத் தென்னை மட்டை உவமையைக் கொண்டு விளக்குக.
3. மரத்தில் உள்ள லிக்னினை அளந்தறியும் முறையை வரிசைப்படி எழுதுக.
4. ஒரு வகை மரம் 100 டன்னுக்கு 50 டன் கூழ் தருமாயின், 100 டன் கூழுக்கு எத்தனை டன் மரம் வேண்டும்? பாடத்தில் கூறிய இரு வகைகளோடு ஒப்பிடுக.
5. ‘ஆலைக்கு நல்ல மரம், நிலத்திற்கு நல்ல மரம்’ என்னும் தலைப்பில், உங்கள் ஊரில் வளரும் மரங்களைக் கருத்திற்கொண்டு ஒரு கட்டுரை வரைக.